பாப்பாவுக்கு ஓரத் துண்டு

"உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு? அடுத்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்து என் சாமானையெல்லாம் எடுத்துக்கிட்டு சாயங்காலமே கிளம்பிடறேன். வண்டிக்கும் சொல்லிட்டேன்."

போனில் பாப்பா இவ்வளவுதான் சொன்னாள். குரலில் கோபமில்லை, வருத்தமுமில்லை. வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பேசுவார்களே, அப்படி ஒரு மரியாதை. மேஸ்திரி அப்போது சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன். "சரிம்மா" என்று சொல்லிப் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, பூசி முடித்த சுவரையே மறுபடியும் பூச ஆரம்பித்தார்.

"மேஸ்திரி, அங்க ஏற்கெனவே பூசியாச்சு!" என்று கீழேயிருந்து வயர்மேன் கத்திய பிறகுதான் அவருக்குச் சுயநினைவே வந்தது.

தொந்தரவாம்! ஆறு வயதில் பள்ளிக்கூடப் பையோடு அந்த வீட்டுக்குள் வந்தவள். புதிதாய்ப் பூசிய சுவரில் ஐந்து விரலையும் பதித்துவிட்டு, "நான் இல்ல" என்று ஈரக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றவள். அவள் தொந்தரவு என்கிறாள். அந்த ஒரு வார்த்தை மேஸ்திரியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

மேஸ்திரி அவளைப் பெற்றவர் அல்ல. பெற்றவர் அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார். பாப்பாவின் அம்மா ஒரு பேக்கரியில் பெட்டி கட்டும் வேலை பார்த்துவந்தாள். பேக்கரியின் பின்சுவர் இடிந்தபோது கட்ட வந்தவர்தான் நம் மேஸ்திரி. பிரவுனி என்ற சாக்லேட் கேக்கைத் தட்டிலிருந்து எடுத்துச் சதுரமாக வெட்டினால் நாலு பக்கமும் ஓரம் மிஞ்சும். மொறுமொறுவென்று இருக்கும், விற்பனைக்கு ஆகாது. அதை ஒரு காகிதத்தில் வைத்து, "மேஸ்திரி, டீக்குத் தொட்டுக்கோங்க" என்று அவள் நீட்டினாள். ஒரு வாரத்தில் முடிய வேண்டிய சுவர் ஒரு மாதம் இழுத்ததற்கு சிமெண்ட் தட்டுப்பாடு காரணமில்லை என்பது முதலாளி உட்பட எல்லோருக்கும் தெரியும்.

கல்யாணத்துக்குப் பிறகும் அவள் அவரை மேஸ்திரி என்றே கூப்பிட்டாள். அதைக் கேட்டுக் குழந்தையும் அப்படியே கூப்பிட்டது. "அப்பான்னு கூப்பிடப் பழக்குங்களேன்" என்று கீழ்வீட்டு அக்கா சொன்னபோது, "வாயில வர்றதைக் கூப்பிடட்டும்க்கா. வலுக்கட்டாயமா என்ன அப்பா?" என்று சிரித்துவிட்டார் மேஸ்திரி. அம்மா கொண்டுவரும் ஓரத் துண்டுகளை அந்தப் பிள்ளை அவர் மடியில் உட்கார்ந்துதான் தின்னும். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

பாப்பா வளர்ந்தாள், படித்தாள், வெளியூரில் கால்நடை ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலைக்குப் போனாள். போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் லீவில் வந்தவள், பாலை வேண்டாமென்றாள். முட்டையை, வெண்ணெயை, எல்லாவற்றையும் வேண்டாமென்றாள். தாயிடமிருந்து பிரித்துக் கட்டிப்போட்ட ஒரு கன்று, ராத்திரி முழுக்க எப்படிக் கத்தியது என்பதை அவள் சொன்னபோது மேஸ்திரியே கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "பேக்கரிக்காரி பொண்ணு பிரவுனி சாப்பிடாதாம்! ஊரே சிரிக்கும்" என்று அம்மா கேலி செய்தாள். பிறகு பாத்திரம் துலக்கும் சாக்கில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த அம்மாவும் சென்ற வருஷம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான் இந்த மரியாதை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். "சாப்பிட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா? வேற ஒண்ணும் இல்லையே?" ஒருநாள்கூடச் சண்டை இல்லை, கிண்டல் இல்லை. இப்போது சாமானை எடுக்க வருகிறாளாம். சாமானும் போய்விட்டால் அவள் இந்தப் படியை மிதிக்க வேறு என்ன காரணம் இருக்கிறது?

"எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்தது ஒரே ஒரு கயிறுக்கா. அதுவும் போயிடுச்சு" என்றார் மேஸ்திரி, கீழ்வீட்டு அக்காவிடம்.

அக்காவுக்கு அழுகைக் கச்சேரியெல்லாம் பிடிக்காது. "கயிறு போச்சுன்னா வேற கயிறு கட்டு. கட்டடம் கட்டறவனுக்கு இதையும் நான் சொல்லித் தரணுமா? பொண்ணுக்குப் பிடிச்சதா ஏதாவது செஞ்சு வை."

"அதுக்குப் பிடிச்சது ஒண்ணே ஒண்ணுதான். அதுல பாலு, முட்டை, வெண்ணெய் எல்லாம் இருக்கே."

"அதெல்லாம் இல்லாமலும் செய்றாங்களாம் தம்பி. போன்ல பாரு. சதா கட்டடம் இடியற வீடியோவையே பார்த்துக்கிட்டு இருந்தா?"

பார்த்தார். வீடியோவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே, முட்டைக்குப் பதில் ஆளி விதையை அரைத்துத் தண்ணீரில் ஊறவைத்தாள். வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய். பாலுக்குப் பதில் சூடான கடுங்காப்பி. மேஸ்திரி அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, மறுநாள் கடைக்குப் போய் நின்றார்.

"பால் சேர்க்காத சாக்லேட் இருக்கா?"

கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாருக்குச் சர்க்கரை?" என்றார்.

"யாருக்கும் இல்ல. எங்க பொண்ணு வருது."

"பொண்ணுக்கா? இந்த வயசுலயா? பாவம்."

விளக்கம் சொல்லித் தீராது என்று தெரிந்து மேஸ்திரி அந்த அனுதாபத்தையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

முதல் தட்டு பாழாய்ப் போனது. மாவை விட்டேனா பார் என்று, மணலும் சிமெண்டும் கலக்கிற மாதிரி, தோள் வலிக்கும்வரை கலக்கித் தள்ளிவிட்டார். வெந்து வந்தது பிரவுனி அல்ல, செருப்புக்கு அடியில் வைக்கும் ரப்பர். மனமில்லாமல் அதை வேலையிடத்துக்குக் கொண்டுபோனார். வயர்மேன் ஒரு துண்டை வாயில் போட்டு நெடுநேரம் மென்றான்.

"மேஸ்திரி, இதை வெச்சு ரெண்டு மாடி எழுப்பலாம். கம்பியே வேண்டாம்."

"வாயை மூடிக்கிட்டுத் தின்னுடா."

"மூடித்தான் இருக்கு. திறக்க வரமாட்டேங்குது."

இரண்டாவது தட்டில் கை அடங்கியது. மாவு ஈரமானதும் கலக்குவதை நிறுத்திவிட வேண்டும் என்ற சூட்சுமம் பிடிபட்டது. அக்கா ஒரு துண்டைத் தின்று, இன்னொன்றைக் கேட்காமலேயே எடுத்தாள். மேஸ்திரிக்கு அதுதான் பரீட்சையில் பாஸ்.

பாப்பா வரும் நாளுக்கு முந்தின நாளே அடுப்படியைக் கழுவித் தள்ளினார். வீட்டிலிருந்த பால், வெண்ணெய், முட்டை அத்தனையும் அக்காவின் ஃபிரிட்ஜுக்குக் குடிபெயர்ந்தன. பாத்திரங்களையும் கரண்டிகளையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தார். பேக்கரி மூடியபோது மனைவி வாங்கி வந்த பழைய ஓவன் வீட்டில் இருந்தது. அதன் உட்சுவரைக்கூடச் சுரண்டித் துணியால் துடைத்தார். "உள்ள படுத்துத் தூங்கப் போறியா?" என்று அக்கா கேட்கும் அளவுக்குத் துடைத்தார்.

விடிந்ததும் குளித்தார். சலவைச் சட்டை போட்டார். கண்ணாடிக்குக் கீழே, சோப்புக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன டப்பாவைத் திறந்து, வழக்கம்போல உள்ளங்கை வெடிப்புகளில் தடவித் தேய்த்துக்கொண்டார். சிமெண்ட் அரித்த கை. மனைவி இருந்தவரை அவளே பிடித்து உட்காரவைத்துத் தேய்த்துவிடுவாள். அது இல்லாமல் அவர் வேலைக்குப் போன நாளே கிடையாது. இன்றைக்குக் கொஞ்சம் கூடவே தடவினார். பிள்ளை பார்க்கும்போது கை பார்க்கிற மாதிரி இருக்கவேண்டாமா?

பிறகு மாவைக் கலந்தார், தட்டில் கொட்டினார். கரண்டியால் மட்டம் பார்த்தால் அவருக்கு என்றைக்குத் திருப்தி வந்தது? உள்ளங்கையால் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை நீவி, தண்ணீர் விட்டால் வழியாத அளவுக்கு மட்டமாக்கி ஓவனுக்குள் தள்ளினார்.

பாப்பா வந்தபோது வீடு முழுக்க அந்த வாசனைதான். வாசலிலேயே ஒரு நிமிஷம் நின்றாள். மூக்கு விடைத்தது.

"நல்லா இருக்கீங்களா மேஸ்திரி?"

"இருக்கேம்மா. பஸ்ல உட்கார இடம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

அவ்வளவுதான் பேச்சு. தன் அறைக்குள் போய் அட்டைப் பெட்டிகளை விரித்தாள். புத்தகங்கள் பெட்டிக்குள் விழும் ஒவ்வொரு சத்தமும் மேஸ்திரிக்குச் சுவரில் சுத்தியல் விழுவதுபோல இருந்தது. "நான் பிடிக்கட்டுமா?" என்றார். "வேண்டாம், உங்க சட்டை அழுக்காயிடும்" என்றாள். கல்லும் மண்ணும் சுமந்த மனுஷனுக்குச் சட்டை அழுக்காகிவிடுமாம்! கையும் ஓடாமல் காலும் ஓடாமல் அவர் அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்தார்.

இந்த அவஸ்தையைக் காணச் சகிக்காமல் கீழ்வீட்டு அக்காவே படியேறி வந்துவிட்டாள். "என்னடி, வந்ததும் மூட்டை கட்டறே? முதல்ல இங்க வந்து உட்காரு. இந்த மனுஷன் ஒரு வாரமா அடுப்பும் அவருமா கிடந்து செஞ்சிருக்காரு."

மேஸ்திரி தட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். மேலே மெல்லிய தாள் மாதிரி வெடித்த பளபளப்பு. கத்தியால் வெட்டியபோது உள்ளே ஈரமாய், கருப்பாய், சரியாக வெந்திருந்தது.

"பால் இல்ல, முட்டை இல்ல" என்றார், கோர்ட்டில் சாட்சி சொல்பவர்போல.

பாப்பா தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்களா செஞ்சீங்க?" அவள் கை தானாக ஓரத்துக்குத்தான் போனது. மூலைத் துண்டு ஒன்றை எடுத்தாள். அதற்குள் போன் அடித்தது. வண்டிக்காரர். ஒரு கையில் பிரவுனியோடு, ஒரு கையில் போனோடு வழி சொல்லிக்கொண்டிருக்கையில் அவள் கண்கள் மேஸ்திரியின் கைகளில் நின்றன. பேசி முடித்துப் போனை வைத்தாள்.

"கை பரவாயில்லையே. வெடிப்பெல்லாம் ஆறியிருக்கு."

ஒரு வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் பிரியமான வார்த்தை! மேஸ்திரிக்கு மனம் பூரித்துவிட்டது. "உங்கம்மா பழக்கினதுதான். காலையில எழுந்ததும் வெண்..."

வார்த்தை பாதியில் நின்றது. முகத்தில் ஈயாடவில்லை.

வெண்ணெய். அந்தச் சின்ன டப்பாவில் இருந்தது வெண்ணெய். அடுப்படியைச் சல்லடையாய்ச் சலித்தவருக்குக் குளியலறை டப்பா ஞாபகம் வரவே இல்லை. அவருக்கு அது சாப்பாடே இல்லை, மருந்து. அந்த மருந்து பூசிய கையால்தான் அவர் மாவை நீவினார்.

பாப்பா கவனிக்கவில்லை. பிரவுனி அவள் உதட்டருகே போய்விட்டது. அக்காவுக்கு மட்டும் பொறி தட்டிவிட்டது. மேஜைக்கு அடியில் மேஸ்திரியின் காலை ஓங்கி மிதித்து, கண்ணாலேயே 'வாயைத் திறக்காதே' என்றாள். வாயைத் திறக்காவிட்டால் என்ன? யாருக்குத் தெரியப் போகிறது? பிள்ளை தின்பாள், முகம் மலரும், ஒருவேளை இன்றைக்கு ஒரு ராத்திரி தங்கினாலும் தங்குவாள். அவர் ஏங்கிக்கிடந்த அத்தனையும் அந்த ஒரு கடிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"சாப்பிடாதே!"

சாரத்தின் மேலிருந்து போடுகிற சத்தம். பாப்பா அதிர்ந்துபோனாள். மேஸ்திரி பாய்ந்து அந்தத் துண்டை அவள் விரல்களிலிருந்து பிடுங்கிவிட்டார்.

"கையில வெண்ணெய் தடவியிருந்தேன்மா. அந்தக் கையாலதான் மாவை நீவினேன். தெரியாம பண்ணிட்டேன். இது உனக்கு ஆகாது."

"ஒரு துளி வெண்ணெயால உலகம் அழிஞ்சிடுமா?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

பாப்பா அவருடைய விரிந்த உள்ளங்கைகளையே பார்த்தாள். சட்டென்று எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முடிந்தது. எல்லாம் முடிந்தது. கையில் நசுங்கிய பிரவுனியோடு மேஸ்திரி நின்றார். கட்டிய வீடு கண்ணெதிரே சரிந்தால்கூட அவர் அப்படி நின்றிருக்க மாட்டார்.

கதவு திறந்தது. பாப்பாவின் கண்கள் சிவந்திருந்தன. தலைமுடியை உச்சியில் முடிந்திருந்தாள், சட்டைக் கையை முழங்கைவரை மடித்திருந்தாள்.

"அறிவிருக்கா மேஸ்திரி உங்களுக்கு? பாத்திரத்தை எல்லாம் கழுவுவீங்க, கையைக் கழுவமாட்டீங்களா?"

மேஸ்திரி திகைத்தார்.

"என்ன பார்க்கறீங்க? போய்க் கழுவுங்க. சோப்புப் போட்டு. நகத்துக்குள்ளயும். ஆளி விதை மிச்சம் இருக்கா இல்லையா?"

"இ... இருக்கும்மா."

"சாக்லேட்?"

"பாதிக் கட்டி இருக்கு."

"அப்புறம் என்ன, நடங்க!"

ஐயா, திட்டு வாங்கி மனம் குளிர்ந்த மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மேஸ்திரி குழாயடியில் நின்று சோப்பை நுரைத்து நுரைத்துக் கழுவினார். அவள் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "இங்க, இங்க விட்டுட்டீங்க" என்று மறுபடி கழுவவைத்தாள். மரியாதையெல்லாம் சோப்புத் தண்ணீரோடு போய்விட்டது.

அக்கா அந்த வெண்ணெய் பட்ட தட்டை முந்தானையால் மூடித் தூக்கிக்கொண்டாள். "எனக்கு வெண்ணெய் ஆகும். நான் வரேன்" என்று கீழே இறங்கிவிட்டாள்.

அடுப்படியில் இரண்டு பேர் மட்டும். அவர் மாவைச் சலித்தார், அவள் காப்பியைக் கொதிக்கவைத்தாள். அவர் கலக்க ஆரம்பித்ததும் கரண்டியைப் பிடித்து நிறுத்தினாள். "போதும் போதும், இது சிமெண்ட் கலவை இல்ல." பிறகு அவள் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"தெரிஞ்சிருக்காதுதான்."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

மேஸ்திரிக்கு அழகாகப் பேசத் தெரியாது. "நீ வேண்டாம்னு வெச்சது, எனக்குத் தெரிஞ்சு எப்படி உன் வாய்க்குள்ள போகும்?"

பாப்பா அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள். "அம்மா உங்க கையைப் பிடிச்சு வெண்ணெய் தேய்ச்சுவிடுவாங்களே... அந்த வாசனை எனக்கு மறந்தே போயிடுச்சுன்னு நினைச்சேன்." கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டாள். "அம்மா இல்லாத வீட்டுல நான் யாரு மேஸ்திரி? நீங்க பாவம் பார்த்து ஒண்ணும் சொல்லாம இருக்கீங்கன்னு நினைச்சேன். ஒரு அறையை அடைச்சுக்கிட்டு என் பெட்டியும் புத்தகமும் எதுக்குன்னுதான்..."

"நான் பாவம் பார்க்கறதா?" மேஸ்திரியின் குரல் கரகரத்தது. "நீதான் என்னைப் பாவம் பார்த்து ஞாயித்துக்கிழமை போன் பண்றேன்னு நான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு வருஷமாய் ஆளுக்கொரு மூலையில் ஒரே பயத்தை வளர்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இரண்டையும் செய்தாள். சலவைச் சட்டையில் கோகோ தூளும் கண்ணீரும் அப்பின.

ஓவனிலிருந்து தட்டை எடுத்தபோது, ஆறட்டும் என்று அவர் சொல்லச் சொல்லக் கேட்காமல் ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டு, சூடு தாங்காமல் குதித்தாள். ஊதி ஊதி மென்றாள். மேஸ்திரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உப்பு பத்தலை."

"அடுத்த தடவை கொஞ்சம் கூடப் போடறேன்." சொல்லிவிட்டாரே தவிர, அந்த 'அடுத்த தடவை'யைச் சொல்ல அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது!

"நீங்க ஒண்ணும் போடவேண்டாம். அடுத்த மாசம் லீவுக்கு வர்றப்போ நானே போடறேன். நீங்க சலிச்சுக் குடுத்தா போதும்" என்றாள் அவள், அடுத்த ஓரத்தைப் பிய்த்தபடி.

வாசலில் ஹாரன் அலறியது. பாப்பா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "அண்ணே, சாமான் ஒண்ணும் இல்லண்ணே! நான் இன்னிக்குப் போகலை!"

"என்னம்மா விளையாடறியா? இவ்வளவு தூரம் வண்டியை ஓட்டிட்டு வந்திருக்கேன்!"

"வாடகையைக் குடுத்துடறேன். கோவிச்சுக்காம மேல வாங்க, ஒரு துண்டு சாப்பிட்டுப் போங்க!"

வண்டிக்காரர் முனகிக்கொண்டே படியேறி வந்தார். நடுத்துண்டு ஒன்றை வாயில் போட்டதும் முனகல் நின்றது. "நல்லா இருக்கே. யாரு செஞ்சது?"

"எங்க மேஸ்திரி."

"கொத்து வேலை செய்யறவரா? அதான் மட்டம் இவ்வளவு பிசகாம இருக்கு" என்று அவர் இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினார்.

"நடுவுல எடுத்துக்கோங்கண்ணே. ஓரம் மட்டும் வேண்டாம்" என்று பாப்பா தட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். மேஸ்திரி கூடத்தில் கிடந்த அட்டைப் பெட்டியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, புத்தகங்களை அலமாரியில் திரும்ப அடுக்கப் போனார்.